கொலஸ்ட்ரோல் குளிசையும் வைட்டமின் போத்தலும்: வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி

வீட்டில் இருக்கும் மருந்தெல்லாம் முதலில் ஒரே மேசைக்கு வரட்டும். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், டவுனில் வாங்கிய அட்டைகள், சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சூரணப் போத்தல், சொந்தக்காரர் கொடுத்துவிட்ட வைட்டமின், யாரோ கூட்டம் வைத்து விற்ற பவுடர், எல்லாம்தான். பக்கத்தில் கிளினிக் கொப்பியை விரித்து வையுங்கள். நெஞ்சு வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யவேண்டும் என்பது என் கட்சி.

நான் ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். வளர்ந்தது டிக்கோயாப் பக்கம், தோட்டத்து லயத்தில். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், அட்டாக் வந்து கண்டிக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் டொக்டரின் மருந்துத் துண்டோடு வருவார்கள். துண்டில் இல்லாத கேள்வி ஒன்றும் கூடவே வரும்: "மிஸ், இதோட இந்த வைட்டமினையும் போடலாமா?" கவுண்டரில் வரிசை நிற்கும்போது அதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேசையில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பவை ஒரு பக்கம். வேறு டொக்டர் எழுதிக் கொடுத்தவை இன்னொரு பக்கம். நீங்களாக வாங்கியவையும் மற்றவர்கள் கொடுத்தவையும் மூன்றாவது பக்கம். இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டும். இரத்தம் குறைவென்று கொடுத்த இரும்புக் குளிசை, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் போடுகிறவருக்குக் கொடுத்த பி12, கண் டொக்டர் விழித்திரைக்காக எழுதிய வைட்டமின் போன்றவற்றை இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவற்றுக்குக் காரணம் வேறு.

முதல் பக்கத்தில் கொலஸ்ட்ரோல் குளிசை எது என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. அட்டையிலோ உறையிலோ 'ஸ்டாட்டின்' என்று முடியும் பெயர் இருக்கும்: அடோவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின். இதில்தான் நம் ஆட்கள் நிறையத் தடுமாறுகிறார்கள். உறையில் சிங்களத்தில் கிறுக்கியிருக்கும், வாசிக்கத் தெரியாத பாட்டி நிறத்தைப் பார்த்துப் போடுவார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வேறு கொம்பனியின் குளிசை வந்தால் நிறம் மாறிவிடும். பழைய வெள்ளையும் புது மஞ்சளும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு உறையிலும் பேனையால் தமிழில் எழுதிவிடுங்கள்: "கொலஸ்ட்ரோல், இரவு 1". எழுத்துத் தெரியாதவருக்குக் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று வரைந்து கொடுத்தால் போதும். சிம்வாஸ்டாட்டின் உடம்பில் அதிக நேரம் நிற்காது. கல்லீரல் கொலஸ்ட்ரோலை அதிகம் உண்டாக்குவது இரவில் என்பதால் அதை இரவில் போடச் சொல்கிறார்கள். அடோவாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமானாலும் சரி, தினமும் ஒரே நேரமாக இருந்தால் நல்லது.

இன்னொன்று, வாயுவுக்கு வெள்ளை அன்டாசிட் பாணி குடிக்கும் பழக்கம் இருந்தால் ரோசுவாஸ்டாட்டினை அதோடு சேர்த்துப் போடக்கூடாது. பாணி மருந்தை உடம்பில் சேரவிடாது. குளிசை போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாணியைக் குடியுங்கள்.

போத்தலின் பின்பக்கம்

இப்போது மூன்றாவது பக்கத்துக்கு வருவோம். போத்தலைத் திருப்புங்கள். முன்னால் இருதயப் படமும் ஆரஞ்சுப்பழமும் போட்டிருப்பார்கள், விஷயம் பின்னால் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. கண் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது ஒரு வேளைக்கு எத்தனை என்பது. அட்டவணையின் தலையில் 'சேர்விங்' என்று போட்டு 2 கெப்சியூல் என்றிருந்தால், கீழே உள்ள கணக்கெல்லாம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். பிறகு நான்கு பெயர்களைத் தேடுங்கள்: வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டீன், செலினியம். அன்டிஒக்சிடன்ட் என்று விற்கும் போத்தல்களில் பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தான் இருக்கும், கூடவே திராட்சை விதை, கிரீன் டீ சாரம், மஞ்சள் சாரம் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அளவையும் பாருங்கள். வைட்டமின் ஈ 400 ஐ.யூ. என்று போட்ட மென்மையான கெப்சியூல் நம் பக்கமும் தாராளமாகக் கிடைக்கிறது. இயற்கை வகை என்றால் அந்த 400 ஐ.யூ. சுமார் 268 மில்லிகிராம் ஆகும். பெரிய ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 15 மில்லிகிராம். பதினேழு பதினெட்டு நாள் தேவையை ஒரே விழுங்கில் விழுங்குகிறோம். வைட்டமின் சி தேவை 75 முதல் 90 மில்லிகிராம், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் குளிசையில் 1000 இருக்கும். அந்த நுரைக்கும் குளிசையில் சோடியமும் உண்டு, சிலவற்றில் நல்ல அளவு. பிரஷர் உள்ளவர், இருதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோக்கிறவர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு இதைத் தினம் குடிப்பதில் அர்த்தமில்லை.

ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது

இந்த நம்பிக்கை வெறும் கடைக்காரர் கட்டிவிட்டது என்று சொல்லமாட்டேன். கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்டிஎல், இரத்தக்குழாய்ச் சுவருக்குள் போய் ஒட்சியேற்றம் அடைகிறது, அதை அங்குள்ள செல்கள் விழுங்கி வீங்கி, கொழுப்புப் படிவு உண்டாகிறது. அப்படியானால் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் வைட்டமினைக் கொடுத்தால் அடைப்பு நிற்கவேண்டும். பழமும் மரக்கறியும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நெஞ்சு வருத்தம் குறைவு என்பதும் கண்ணால் கண்ட விஷயம். டொக்டர்மாரே ஒரு காலத்தில் இதை நம்பினார்கள். அதனால்தான் பெரிய செலவில் சோதித்துப் பார்த்தார்கள்.

பிரித்தானியாவில் நடந்த இருதயப் பாதுகாப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. 20,536 பேர். அட்டாக் வந்தவர்கள், சீனி வருத்தக்காரர்கள் என்று ஆபத்து கூடிய ஆட்கள். பாதிப்பேருக்குத் தினமும் வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டீன் 20 மில்லிகிராம். மற்றப் பாதிப்பேருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. ஐந்து வருடம் பார்த்தார்கள். அட்டாக்கிலும் பக்கவாதத்திலும் மரணத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே ஆய்வில் அதே ஆட்களில் பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமும் கொடுத்திருந்தார்கள். அது அட்டாக், பக்கவாதம் போன்றவற்றை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. யாராவது என்னிடம் வாதம் செய்தால் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்: ஒரே ஆட்கள், ஒரே ஐந்து வருடம், ஒன்று வேலை செய்தது, மற்றது செய்யவில்லை.

2001இல் அமெரிக்காவில் வந்த சின்ன ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போகிறது. 160 இருதய நோயாளிகள், நல்ல கொலஸ்ட்ரோலான எச்டிஎல் குறைந்தவர்கள். சிம்வாஸ்டாட்டினும், கொலஸ்ட்ரோலுக்கு அதிக அளவில் கொடுக்கும் நயாசின் என்ற பி வைட்டமினும் எடுத்தவர்களுக்கு மூன்று வருடத்தில் இரத்தக்குழாய் அடைப்பு ஒரு துளி குறைந்தது. அதே மருந்தோடு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டீன், செலினியம் நான்கையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்த நன்மை மங்கிப்போனது. எச்டிஎல்லின் நல்ல பகுதி ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. ஆய்வு சின்னது, நயாசினை ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் பிற்பாடு பெரிய ஆய்வுகளில் பலன் காட்டாமல் போனது. ஆகவே "வைட்டமின் போட்டால் ஸ்டாட்டின் கெட்டுவிடும்" என்று நான் பயமுறுத்தமாட்டேன், பெரிய பிரித்தானிய ஆய்வில் ஸ்டாட்டினின் பலன் வைட்டமினோடும் அப்படியே இருந்தது. நன்மைக்கு ஆதாரமில்லை, கெடுதலுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் உண்டு. அதற்குப்போய்ச் சம்பளக் காசைக் கொடுப்பானேன்?

பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு மட்டும் இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். 1994இல் பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் பீட்டா கரோட்டீனைச் சோதித்தபோது அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. ஆகவே புகைக்கிறவர் வீட்டு மேசையில் பீட்டா கரோட்டீன் போத்தல் இருக்கவே கூடாது. கரட் சாப்பிடலாம். ஆபத்து வந்தது அந்தக் குளிசையால்.

எந்த மருந்தோடு எது சேராது

நெஞ்சு வருத்தக்காரர் ஸ்டாட்டின் மட்டும் போடுவதில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரினும் க்ளொபிடோக்ரலும் இருக்கும். வால்வு மாற்றியவருக்கும் சிலவகைப் படபடப்பு உள்ளவருக்கும் வாஃபரின் இருக்கும். இவையெல்லாம் இரத்தம் கட்டியாக உறையாமல் தடுப்பவை. வைட்டமின் ஈ அதிக அளவில் போனால் இரத்தம் உறைவதை அதுவும் மட்டுப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் பல் விளக்கும்போது முரசில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் தழும்பு, கறுப்பாக மலம் என்று காட்டும். கறுப்பு மலம் கண்டால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஜின்கோ, பூண்டுச் சாரக் கெப்சியூல், மஞ்சள் சாரக் கெப்சியூல் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். கறியில் போடும் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் இல்லை.

வாஃபரின் போடுகிறவர் தானாக எதையும் தொடங்கவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. மாதக்கணக்காக எடுத்த போத்தலைத் திடீரென்று விட்டால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கணக்கு மாறலாம், கிளினிக்கில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வல்லாரை, கங்குன் போன்ற கீரைகளும் அப்படியே. ஒரு வாரம் தட்டு நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று இருக்காமல் ஒரே சீராகச் சாப்பிடவேண்டும்.

'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என்று ஒரு கெப்சியூல் வருகிறது. நாம் சோறாக்கும் சிவப்பரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் இருக்கும் மொனகொலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். ஸ்டாட்டின் போடுகிறவர் அதையும் போட்டால் கணக்கில்லாத இன்னொரு ஸ்டாட்டின் உள்ளே போகிறது. கிரீன் டீ சாரக் கெப்சியூலும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதிலுள்ள ஈஜிசிஜி என்ற கெட்டெச்சின் சத்து உள்ளே போனால் கல்லீரல் பாதிப்பின் அடையாளம் தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. ஸ்டாட்டினும் கல்லீரல் வழியாகப் போகும் மருந்து என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஜம்போலா. அடோவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தவிர்க்கவேண்டும், மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும். ஜம்போலா அதன் நெருங்கிய உறவு, அதிலும் அந்தச் சங்கதி உண்டு. தினமும் தின்னாமல் இருப்பது நல்லது.

கால் உளைச்சல் வந்தால்

வைட்டமின் போத்தலுக்கு ஆட்கள் போவதற்குப் பாதிக் காரணம் இந்த உளைச்சல்தான். "இந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை போட்டதிலிருந்து தொடையெல்லாம் உளையுது, அதை விட்டுட்டு இயற்கை மருந்து எடுக்கிறேன்" என்பார்கள். பொகவந்தலாவைப் பக்கத்து மாமா ஒருவர் அப்படித்தான் சொன்னார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். திறந்தால் கிளினிக்கில் கொடுத்த அடோவாஸ்டாட்டின் உறைகள், ஒவ்வொன்றும் மடித்து, ரப்பர் போட்டுக் கட்டி, ஈரம் படாமல். ஒன்றையும் போடவில்லை, எறியவும் மனம் வரவில்லை. அவர் மகளை வைட்டமின் விற்கும் கூட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டிருந்தார்கள், அந்தப் போத்தல்தான் அவருக்கு மருந்து. போத்தல் ஒன்றின் விலைக்கு அந்த ஸ்டாட்டினைச் சில மாதத்துக்கு வெளியிலேயே வாங்கலாம்.

உளைச்சலைப் பார்க்கும் முறை இது. மலை ஏறி இறங்குகிறவருக்கு, கொழுந்துக்கூடை சுமந்தவருக்கு, உரமூட்டை தூக்கியவருக்குக் கால் உளையாமல் இருக்காது. ஸ்டாட்டினால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து, தொடையிலும் தோளிலும் வரும், குளிசை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆரம்பிக்கும். ஒரு முழங்கால் மட்டும் நோவது அநேகமாக அது இல்லை. 2020இல் இங்கிலாந்தில் ஸ்டாட்டினை உபாதை தாங்காமல் விட்ட 60 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில மாதம் உண்மையான குளிசை, சில மாதம் போலி, சில மாதம் ஒன்றுமில்லை. எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டினில் வந்த உபாதையில் 90 சதவீதம் போலிக் குளிசையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, வலிக்குக் காரணம் எப்போதும் அந்தக் குளிசைதான் என்று முடிவு கட்டவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உளைச்சல் தொடர்ந்தால் டொக்டரிடம் சொல்லி, தசை பாதிப்பைக் காட்டும் சிகே என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், வேறு வகைக் கொலஸ்ட்ரோல் மருந்தும் இருக்கிறது. கோ-என்சைம் கியூ10 போட்டால் உளைச்சல் போய்விடும் என்று விற்கிறார்கள். ஆய்வுகள் ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. வாங்கியே தீருவேன் என்றால் டொக்டருக்குச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வாஃபரின் உள்ளவர் வாங்கவேண்டாம், அது வாஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடும்.

ஒன்று மட்டும் அவசரம். தசை கடுமையாக வலித்து, பலமிழந்து, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரிதுதான், ஆனாலும் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. தோட்டத்தில் வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சு வலிக்கும் அதே நம்பர்.

தட்டில் என்ன வைக்கலாம்

குளிசைக்குச் சொன்ன ஆட்சேபம் சாப்பாட்டுக்கு இல்லை. கொய்யாப்பழம் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 50 சொச்சம். லயத்துக்குப் பின்னால் கொய்யா நிற்கும்போது நுரைக்கும் குளிசை எதற்கு? மரத்தக்காளி, நெல்லி, பெஷன் ஃப்ரூட், நுவரெலியாக் கரட், பீட்ரூட், கீரை எல்லாம் நம் பக்கத்துச் சாமான். கரட்டின் சத்து கொஞ்சம் எண்ணெயோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், கரட் சம்பலில் போடும் துளித் தேங்காய்ப்பூவே அதற்குப் போதும். நெல்லியைச் சீனிப்பாகில் ஊறவைத்துத் தின்கிற சீனி வருத்தக்காரர்களை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

தேயிலையும் ஒரு அன்டிஒக்சிடன்ட்தான். சாயத்தண்ணியில் ஃபிளவனொயிட் நிறைய உண்டு. ஆனால் மூன்று கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஆறு கோப்பை குடித்தால் அதன் புண்ணியம் சீனியிலேயே போய்விடும். இரும்புக் குளிசை போடுகிறவர் அதோடு தேத்தண்ணி குடிக்கவேண்டாம், ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

கிளினிக்கில் கேட்பது

டொக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். ஆகவே வைட்டமின் போத்தலின் பின்பக்கப் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் போத்தலையே எடுத்துப் போங்கள். "வைட்டமின் போடலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "சரி, போடுங்க" என்றுதான் பதில் வரும். "டொக்டர், நான் அடோவாஸ்டாட்டினும் க்ளொபிடோக்ரலும் போடுறேன், இதில் வைட்டமின் ஈ 400 இருக்கு, இது எனக்கு வேணுமா?" என்று கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் இதையே சொல்லுங்கள். கூடவே கடைசி எல்டிஎல் அளவையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவருக்கு 70க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள், சில டொக்டர்மார் 55க்குக் கீழே. அந்த நம்பர் இறங்கவில்லை என்றால் பேசவேண்டியது ஸ்டாட்டினின் அளவைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் ஸ்டாட்டின் முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு கொடுக்கும் மாதங்களும் உண்டு. 2022இல் அதை நாம் நன்றாகவே அனுபவித்தோம். கையில் காசு மட்டாக இருந்தால் முதலில் ஸ்டாட்டினையும் அஸ்பிரினையும் வாங்குங்கள். விலை குறைந்த ஜெனரிக் கேட்டால் மருந்துக்கடையில் எடுத்துத் தருவோம், வெட்கப்படத் தேவையில்லை.

குவைத்திலும் டுபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பாவுக்கென்று ஆசையாக வைட்டமின் வாங்கி அனுப்புகிறார்கள். அனுப்பவேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும் என்று வீட்டில் சொல்லாமல் விடுகிறார்கள். அதற்குப் பதிலாக மேற்கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெஷின் ஒன்று கேளுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், அளவு பிசகும். கைப்பட்டி அப்பாவின் கைச்சுற்றளவுக்குப் பொருந்தவேண்டும், ஆகவே ஒரு நூலால் மேற்கையைச் சுற்றி அளந்து சென்றிமீற்றரில் சொல்லிவிடுங்கள்.